புளியரை வீட்டு ஸ்மார்ட் பல்புகள்: ஏன் துண்டித்துப் போகின்றன, வைத்திருப்பதில் பயன் உண்டா

கேள்வி இதுதான். தம்பிக்கு ஷார்ஜாவில் வேலை. செங்கோட்டை பக்கத்துப் புளியரையில் பழைய ஓட்டு வீடு, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். மே மாத லீவில் வந்தபோது ஆறு வைஃபை பல்பு வாங்கி மாட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் ஒழுங்காக எரிந்தன. ஜூனில் ஃபைபர் இணைப்புக்காரர் வந்து புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து மூன்று பல்பு ஆப்பில் ஆஃப்லைன் என்றே நிற்கிறது. திண்ணையில் இருக்கும் ஒன்று சாரல் அடிக்கிற நாட்களில் படபடவென்று சிமிட்டுகிறது. படுக்கையறையில் உள்ளது ராத்திரி இரண்டு மணிக்குத் தானாகப் பளீரென்று எரிந்து அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "எல்லாத்தையும் கழற்றிட்டுச் சாதா பல்பு மாட்டச் சொல்லட்டுமா? போட்ட காசு வீண்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

கழற்றச் சொல்லாதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பல்பு எதுவும் கெட்டுப் போனதாகத் தெரியவில்லை. ஒன்று ரவுட்டர் விவகாரம், ஒன்று கரண்டும் ஹோல்டரும் சேர்ந்து செய்வது, மூன்றாவது ஆப்பில் மாற்றாமல் விட்ட ஒரு செட்டிங். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதே சமயம் ஆறு பல்பும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் எந்த விளக்கை ஸ்மார்ட் ஆக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காசு வீணா இல்லையா என்பது முடிவாகும். செங்கோட்டையில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் தென்காசி, அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை வீடுகளுக்குப் போகிறேன். இப்போதெல்லாம் வருகிற அழைப்பில் நிறையப் பேர் கேட்பது உங்கள் கேள்வியைத்தான்.

முதலில் ரவுட்டர். வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். கடையில் கிடைக்கிற வைஃபை பல்புகள் அநேகமாக எல்லாமே 2.4-இல் மட்டும் பேசுபவை. பல்புக்குள் இருக்கும் சிப்புக்கு 5 என்றால் என்னவென்றே தெரியாது. உங்கள் பழைய ரவுட்டர் 2.4 மட்டும் தருகிறதாக இருந்திருக்கும், அதனால் சிக்கல் இல்லை. புது ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் தருகிறது. போன் வேகமான 5-ஐப் பிடித்துக்கொள்ளும். பல்பை மறுபடி சேர்க்க ஆப்பைத் திறந்தால், போன் இருப்பது 5-இல், பல்பு தேடுவது 2.4-இல். பல ஆப்கள் இந்த இடத்தில்தான் திணறி, 'இணைக்க முடியவில்லை' என்று கைவிரித்துவிடும். அப்பா போனில் யூடியூப் தடையில்லாமல் ஓடுவதால் நெட் நன்றாக இருக்கிறது, பல்புதான் பழுது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு மிகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இருபது பேரில் ஒருவர்கூட இதைச் செய்து பார்ப்பதில்லை. புது ரவுட்டருக்குப் பழைய ரவுட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இருந்த இடைவெளி, புள்ளி எதுவும் மாறக் கூடாது. பல்பு தன் நினைவில் வைத்திருப்பது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும்தான். ரவுட்டர் எந்தக் கம்பெனி என்பது அதற்குத் தெரியாது. பெயரும் பாஸ்வேர்டும் பொருந்தினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பல்பாக ஏணி போட்டு ரீசெட் செய்ய வேண்டிய வேலையே இல்லை. உங்கள் மூன்று பல்பு வராமல் மற்றவை வந்திருப்பதைப் பார்த்தால், மற்றவற்றை மட்டும் யாரோ புதுப் பெயரில் சேர்த்திருக்க வேண்டும். ஆகவே பெயரை மாற்றும்போது அவை துண்டித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகமோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் புதிதாகச் சேர்க்கலாம்.

பெயரை மாற்றியும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ரவுட்டர் செட்டிங்கில் 'பேண்ட் ஸ்டியரிங்' அல்லது 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று இருப்பதை அணைத்து, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு வகை 'டபிள்யூ.பி.ஏ. 3' என்று மட்டும் இருந்தால் பல பல்புகள் உள்ளே வராது, 'டபிள்யூ.பி.ஏ. 2' என்று மாற்ற வேண்டும். சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் வைஃபை ஓடுகிற தடத்தை, ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வைக்க வேண்டும். நம் நாட்டில் 2.4-இல் 13 சேனல் வரை உண்டு, ஆனால் 11 வரைக்கும் மட்டுமே கேட்கிற பல்புகள் இருக்கின்றன. ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போய் உட்கார்ந்தால் போனுக்கு நெட் கிடைக்கும், பல்புக்கு அப்படி ஒரு வைஃபை இருப்பதே தெரியாது. இதெல்லாம் அப்பா செய்கிற வேலை இல்லை. ஃபைபர்காரரைக் கூப்பிட்டு, "2.4-ஐத் தனியாகப் பிரித்துத் தாருங்கள், பழைய பெயரே இருக்கட்டும்" என்று சொன்னால் அவர்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

நம் பக்கத்து வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுப் பக்கம் சேரும் வரை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திருக்கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. 2.4 அலையே அந்தச் சுவரில் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துப் போகும். 5 ஒரு சுவரோடு சரி. ஓடு பரவாயில்லை, அலை அதிகம் அடைபடாமல் தாண்டிவிடும். ஆனால் சமீபத்தில் வெப்பம் தணிய ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரித்தவர்கள் உண்டு. மச்சில் ரவுட்டரை வைத்துவிட்டு அந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் பல்பை எதிர்பார்த்தால் நடக்காது. ஆரியங்காவில் ஒரு வீட்டில் நாலு நாள் போன் பேசியே பார்த்தும் சரியாகவில்லை. கடைசியில் நேரில் போனேன். ரவுட்டர் முன்னறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செருகியிருந்தது. டிவி ஒயர் தெரியக் கூடாது என்று அந்த வீட்டுச் சேச்சி ஒதுக்கி வைத்திருக்கிறார். பீரோவுக்கு மேலே, சுவரில் ஆணி அடித்துத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. நான் செருப்பைப் போடுவதற்குள் அடுக்களைப் பல்பு ஆப்பில் பச்சையாகிவிட்டது. அதனால், அப்பாவிடம் முதலில் ரவுட்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். புது ரவுட்டர் வைத்தவர் கேபிள் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்; அது வீட்டு நடுவாக இருக்க வாய்ப்பில்லை.

இனி அந்தத் திண்ணை பல்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலையடிவாரத்தில் வைஃபை பல்பு வாங்குகிற யாருக்கும் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வைஃபை பல்பில் ரீசெட் பட்டன் கிடையாது. வைக்க இடமும் இல்லை. அதனால் கம்பெனிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன: சுவிட்சைச் சட்சட்டென்று மூன்று முறை அணைத்துப் போட்டால் பல்பு தன் பழைய வைஃபையை மறந்துவிட்டு, 'என்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்' என்று சிமிட்ட ஆரம்பிக்கும். சில பல்புகளில் இது ஐந்து முறை. வேகமாகச் சிமிட்டினால் ஒருவகை இணைப்பு முறை, மெதுவாகச் சிமிட்டினால் இன்னொரு வகை. இப்போது நம் ஊர் ஜூன், ஜூலையை நினைத்துப் பாருங்கள். மலை இடைவெளி வழியாகக் காற்று இறங்குகிறது. தென்னை மட்டை கம்பியில் உரசுகிறது. கரண்டு போகிறது, வருகிறது, மறுபடி போகிறது, வருகிறது. ஒரு நிமிஷத்துக்குள் மூன்று முறை. வீட்டில் இருப்பவர்களுக்கு அது காற்றுக்காலத்து வழக்கம். பல்புக்கோ யாரோ தன்னை ரீசெட் செய்யச் சொல்கிறார்கள் என்று கணக்கு. பாஸ்வேர்டைத் துடைத்துப்போட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். பழுதில்லை, உத்தரவுக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துச் சிமிட்டல் நின்று சும்மா எரியும், ஆனால் ஆப்பில் ஆஃப்லைன்.

கரண்டு ஒழுங்காக இருந்தும் ஒரு பல்பு மட்டும் இப்படிச் செய்தால் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். நம் ஊர் பல்பு பெரும்பாலும் பி22, இரண்டு காதை அழுத்தித் திருப்பி மாட்டுகிற வகை. ஹோல்டருக்குள் இரண்டு பித்தளை முள் இருக்கும், அதன் பின்னால் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்தான் முள்ளைப் பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டுகளோடு அழுத்திப் பிடிக்கிறது. திண்ணை, மாட்டுத்தொழுவம், பின்கட்டு இங்கெல்லாம் சாரல் ஈரம் ஏறி முள்ளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஸ்பிரிங் தளரும். காற்றில் ஒயர் லேசாக ஆடினாலே தொடர்பு விட்டுவிட்டு வரும். பழைய குண்டு பல்பு இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. இழையின் சூடு உடனே தணியாததால் கண நேரத் துண்டிப்பு கண்ணுக்குப் படாது. வைஃபை பல்புக்கு ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு 'ஆஃப்-ஆன்'. சென்ற ஆனியில் புளியரையில் ஒரு வீட்டில் கழற்றிய ஹோல்டரை இன்னும் கடையில் வைத்திருக்கிறேன். ஒரு முள் பளபளவென்று இருக்கிறது. இன்னொன்று உள்ளேயே ஒட்டிக்கொண்டு, நுனியில் கருகிய ஒரு புள்ளி. அந்தப் பொறி விழுந்த தடத்தைக் காட்டினால்தான் வீட்டுக்காரர்கள் நம்புகிறார்கள்.

உங்கள் திண்ணைக்கு ஹோல்டரை மாற்றச் சொல்லுங்கள். ஐம்பது, அறுபது ரூபாய்ச் செலவு. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் மாற்ற வேண்டும், அப்பா ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. அந்த ஆள் வருகிற அன்றே மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை அறுத்துவிடுகிற சாதனம் அது. ஈரம் ஏறும் ஓட்டு வீட்டில் ஆறு ஸ்மார்ட் பல்புக்குக் கொடுத்த காசை விட அதற்குக் கொடுக்கிற காசு பெரியவர்களுக்கு அதிகம் உதவும்.

கரண்டு விட்டுவிட்டு வருவதற்கு மருந்து இன்வெர்ட்டர் லைன்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்மார்ட் விளக்குகளும் ரவுட்டரும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். ரவுட்டர் மட்டும் வெளியே நின்றால், கரண்டு போகிறபோது பல்பு உயிரோடு இருந்தும் பேச ஆளில்லாமல் நிற்கும். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாற்றம் சில மில்லி நொடியில் முடிந்துவிடும், பல்பு அணைந்து எரிந்ததாகவே எண்ணாது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். வைக்கலாம். பல்பை அது காப்பாற்றாது, ஆனால் ரவுட்டர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுந்து வருகிற இரண்டு மூன்று நிமிஷம் மிச்சம்.

ராத்திரி இரண்டு மணிக்கு எரிகிற பல்புக்குக் காரணம் ஒரே வரிதான்: கரண்டு போய் வந்திருக்கிறது. பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் கரண்டு வந்ததும் முழு வெளிச்சத்தில் எரிவது என்றே தயாரிக்கப்பட்டு வருகின்றன. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்டு வந்ததா, யாராவது சுவிட்சைப் போட்டார்களா என்று பல்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அம்மா படுக்கும்போது சுவரில் அணைத்திருந்தால் எரிந்திருக்காது. நீங்கள் ஆப்பில் ராத்திரி பத்து மணிக்குத் தானாக அணையும்படி வைத்திருப்பீர்கள், சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கும். ஆப்பில் பல்பின் செட்டிங்கில் 'பவர் ஆன் பிஹேவியர்', 'பவர் ஆஃப் மெமரி', 'டூ நாட் டிஸ்டர்ப்' என்று ஏதாவது ஒரு பெயரில் இது இருக்கும். 'கடைசி நிலை' என்று மாற்றினால், அணைந்திருந்த பல்பு கரண்டு வந்தாலும் அணைந்தே இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் உண்டு. 'கடைசி நிலை' என்று வைத்துவிட்டு, ஆப் மூலம் பல்பை அணைத்திருந்தால், அம்மா சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் விளக்கு எரியாது. சில பல்புகளில் இரண்டு முறை தட்டினால் எரியும், சிலவற்றில் அதுவும் இல்லை. நடுராத்திரி எழுந்து, இருட்டில் சுவரைத் தடவி, சுவிட்சைத் தட்டி, விளக்கு எரியாமல் நிற்கிற ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். இதனால்தான் பெரியவர்கள் படுக்கிற அறையில், அவர்கள் கை போகிற ஒரே விளக்கில், ஸ்மார்ட் பல்பு போடவே கூடாது என்கிறேன். அந்த அறைப் பல்பை நாளைக்கே கழற்றிச் சாதா 9 வாட் எல்.இ.டி. போடச் சொல்லுங்கள். ஆறில் அது ஒன்று.

சுவிட்ச் என்று வந்த பிறகு அதை முழுதும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் ஸ்மார்ட் பல்பு தோற்றுப்போகிற முதல் காரணம் வைஃபை இல்லை, சுவர் சுவிட்ச்தான். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் கரண்டு இருக்க வேண்டும். நம் வீடுகளிலோ அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைப்பது சின்ன வயதிலிருந்து வந்த நல்ல பழக்கம். "லைட்ட அணைச்சிட்டு வாய்யா" என்று சொல்லாத வீடு கிடையாது. அம்மா அணைத்த நிமிஷமே ஷார்ஜாவில் உங்கள் ஆப்பில் அது ஆஃப்லைன். உங்கள் மூன்று ஆஃப்லைன் பல்புகளில் ஒன்றாவது இப்படி இருக்கக்கூடும், அதை முதலில் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் பிறகு ரவுட்டரைத் தொடுங்கள். சிலர் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதி வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நெட் இல்லாத அன்று தன் வீட்டு விளக்கைத் தானே போட முடியாமல் ஒரு மனுஷர் நிற்கக் கூடாது.

இதற்குச் சரியான வழி, பல்பைச் சாதாவாக விட்டுவிட்டுச் சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குவது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மாடியூல், சுவிட்ச் போர்டுக்குள் பின்னால் உட்கார்ந்துவிடும். சுவரில் தட்டினாலும் வேலை செய்யும், ஆப்பில் தட்டினாலும் வேலை செய்யும். நெட் போனாலும் சுவர் சுவிட்ச் போகாது. பல்பு பியூஸ் ஆனால் நூறு ரூபாய்ப் பல்பை மாற்றினால் போதும். இதற்கு வேண்டியது போர்டுக்குள் ஒரு நியூட்ரல் ஒயர், அதாவது கரண்டு திரும்பிப் போகிற ஒயர். நம் ஊர் போர்டுகளில் இதற்கு ஒரு வசதி உண்டு: சுவிட்சோடு சேர்த்து ஒரு பிளக் பாயிண்டும் அதே போர்டில் இருப்பது வழக்கம். பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்தே ஆக வேண்டும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய மரப் போர்டு என்றால் நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும், புதிதாக ஒரு ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சில பழைய வயரிங்கில் கரண்டு வருகிற பேஸ் ஒயருக்குப் பதில் நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாடியூல் வைக்கும் முன் அதைத் திருத்தியாக வேண்டும். அணைத்த ஹோல்டரிலும் கரண்டு நிற்பது ஆபத்து.

இப்போது காசுக்கு வருவோம். ஸ்மார்ட் பல்பு கரண்டு பில்லைக் குறைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். குண்டு பல்பிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியபோது 60 வாட் 9 வாட் ஆனது. அது பெரிய மிச்சம். மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் 2015-இலிருந்து மலிவு விலையில் கொடுத்த எல்.இ.டி. பல்புகளால் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. சாதா எல்.இ.டி.யிலிருந்து ஸ்மார்ட் எல்.இ.டி.க்கு மாறுவதில் அப்படி மிச்சம் இல்லை. தினமும் ஐந்து மணி நேரம் எரிகிற 9 வாட் பல்பு வருஷத்துக்கு சுமார் 16 யூனிட் எடுக்கும். ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபையோடு பேச அரை வாட் அளவு எடுக்கலாம். மீதி 19 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மூன்றரை யூனிட். ஆறு பல்புக்கு 21 யூனிட். பெரிய தொகை இல்லை, ஆனால் மிச்சம் என்று சொல்லவும் முடியாது. விலையிலும் சாதா பல்பு நூறு ரூபாய் என்றால் இது ஐந்து, ஆறு மடங்கு. நிறம் மாறுவதற்காக இந்த விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை; பத்து நாளைக்கு மேல் யாரும் அதை மாற்றிப் பார்த்ததை நான் காணவில்லை.

அப்படியானால் பயன் எங்கே? உங்கள் வீட்டுக்கு இரண்டு இடத்தில் கண்டிப்பாக உண்டு.

ஒன்று வாசல் விளக்கும் பின்கட்டு விளக்கும். பொழுது சாய்ந்ததும் தானாக எரிந்து, விடிந்ததும் அணைய வேண்டும். முட்டுவலியோடு அப்பா தோட்டத்து விளக்கைப் போட இருட்டில் நடக்க வேண்டாம். பாம்பு வருகிற இடம் அது. ஆப்பில் 'சன்செட்' என்று வைத்தால் தினமும் நேரத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். நம் பக்கம் சூரியன் மறைவது நவம்பரில் ஆறு மணியை ஒட்டி, ஜூலையில் ஆறே முக்கால் வரை போகும். ஆனால் ஆப் போடுகிற கணக்கு சமவெளிக்கு. புளியரையில் மேற்கே மலை நிற்கிறது. கணக்குப்படி அஸ்தமனம் ஆவதற்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மேகம் கவிந்த நாளில் ஐந்தரைக்கே திண்ணை இருட்டிவிடும். ஆகவே 'சன்செட்டுக்கு முப்பது நிமிஷம் முன்' என்று வைக்க வேண்டும். ஆப்பில் வீட்டின் இடம் புளியரை என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கணக்கை ஷார்ஜாவில் இருந்து திறந்தவர்கள் சிலர் வீட்டு இடத்தையும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விளக்கு அந்த ஊர் சூரியனைப் பார்த்து எரிகிறது.

இரண்டாவது, படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகிற வழி. பழைய வீடுகளில் அது பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு ஸ்மார்ட் பல்பை ராத்திரி பத்து முதல் ஐந்து வரை மஞ்சள் வெளிச்சத்தில், பத்து சதவீதத்தில், எரிந்துகொண்டே இருக்கும்படி வைத்துவிடுங்கள். கண்ணும் கூசாது, தூக்கமும் கலையாது, படி தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்க முடிவதுதான் இந்தப் பல்பின் உண்மையான அருமை, சாதா பல்பில் அது நடக்காது. வயதானவர்கள் தடுக்கி விழுகிற இடங்களில் இந்த வழியும் ஒன்று. ஆள் நடந்தால் எரிகிற சென்சார் பல்பும் இதற்கு நல்லது, அதற்கு நெட்டே வேண்டாம். நெட் நம்ப முடியாத வீடுகளில் நான் அதைத்தான் போடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஷார்ஜாவில் எட்டரை என்றால் இங்கே பத்து. வேலை முடிந்து வந்து, வீட்டு நினைப்பில் ஆப்பைத் திறந்து ஒரு விளக்கைப் போட்டு அணைத்துப் பார்க்கத் தோன்றும். புரிகிறது. ஆனால் சொல்லாமல் செய்யாதீர்கள். தென்மலையில் ஒரு வீட்டில் மகன் குவைத்திலிருந்து அப்படிச் செய்ய, தனியாக இருந்த ஆச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். போன் செய்து, "அம்மா, வாசல் லைட்ட நான் போடுறேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டால் அதே விளக்கு அவர்களுக்குச் சந்தோஷம்.

மேற்கொண்டு வாங்குவதாக இருந்தால் ஆப் கணக்கைப் பற்றிக் கவனம் வேண்டும். மாட்டிக் கொடுத்த கடைப் பையன் போனில் கணக்கு திறக்க விடாதீர்கள். கணக்கு ஓ.டி.பி. வருகிற நம்பரோடு கட்டப்பட்டிருந்தால், இந்திய சிம் செத்துப் போகிற அன்று வீட்டு விளக்கும் கையை விட்டுப் போகும், மெயில் ஐ.டி.யில் திறப்பது நல்லது. சில ஆப்களில் ஒரு நாட்டுக் கணக்கிலிருந்து வேறு நாட்டுக் கணக்கோடு பகிர முடிவதில்லை, அதனால் அப்பா போனிலும் உங்கள் போனிலும் நாடு இந்தியா என்றே இருக்கட்டும். கம்பெனியின் சர்வரை மட்டும் நம்பி ஓடுகிற பொருளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆஸ்ராம் கம்பெனி தன் லைட்டிஃபை ஸ்மார்ட் விளக்குகளின் சர்வரை 2021 ஆகஸ்டோடு மூடியது. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுச் சாதனக் கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் திடீரென்று நின்றுபோயின. சாமான் நன்றாகத்தான் இருந்தது, பேச வேண்டிய இடம் போய்விட்டது. 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத் தரம் வந்தது. அந்த முத்திரை உள்ளவை வெளி சர்வர் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்படி வகுக்கப்பட்டவை. இனி வாங்குவதை அந்த முத்திரை பார்த்து வாங்குங்கள். டப்பாவில் வோல்டேஜையும் படியுங்கள். 220-240 என்று குறுகலாகப் போட்டிருப்பதை விட 100-300 என்று போட்டிருப்பது நம் மலையடிவார லைனுக்குத் தாங்கும். பழைய பல்பைத் தூக்கிப் போடும் முன் ரீசெட் செய்துவிட்டுப் போடுங்கள், வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது.

ஆறு பல்புக்கும் என் கணக்கு இப்படி. வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, கழிவறை வழியில் ஒன்று. இந்த மூன்றின் சுவிட்ச் மட்டும் எப்போதும் போட்டபடி இருக்கட்டும். யாரும் அடிக்கடி தொடுகிற சுவிட்ச் இல்லை என்பதால் அப்பாவுக்கும் பழகிவிடும். படுக்கையறை, அடுக்களை, கூடம் மூன்றிலும் சாதா எல்.இ.டி. கழற்றிய மூன்றையும் எடுத்து வையுங்கள், வாசலில் ஒன்று போனால் மாற்ற உதவும். கூடத்து விளக்கு மட்டும் உங்கள் கைக்கும் எட்ட வேண்டும் என்றால் அங்கே சுவிட்ச் மாடியூல் வைக்கலாம். அதற்கு முன் கூடத்துச் சுவிட்ச் போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மூடியைக் கழற்றாமல் வெளியிலிருந்து எடுத்தால் போதும். அதில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒயர் இழுக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.